கொலைக்கு முந்தின நாள் மனு

கோர்ட்டுக்கு எதிரே மனு டைப் அடிக்கிறவனுக்கு ஊர் ரகசியம் எல்லாம் முதலில் தெரியும், உண்மை மட்டும் கடைசியில்தான் தெரியும். கள்ளக்குறிச்சியில் பதினாறு வருஷமாக எனக்கு இதே பிழைப்பு. நாளெல்லாம் நாற்காலியில் குந்தி முதுகு போன சகாக்களே, உங்களுக்குச் சொன்னால் புரியும்.

மூன்று சதி

பக்கத்து ஒன்றியத் தலைவரை ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் சின்னசேலம் ரோட்டில் காரை மறித்து வெட்டிக் கொன்றுவிட்டார்கள். நிலத் தகராறு என்று சொல்லி போலீஸ் அவருடைய பங்காளியைப் பிடித்தது. அரிவாளும் கிடைத்தது. ஊர் நம்பினால்தானே! விசாரணையை மாற்றச் சொல்லி மனு கொடுக்க ஒரு கட்சிக்காரர் வந்தார். சொந்தக் கட்சி சதி, எதிர்க்கட்சி சதி, வெளிநாட்டுச் சதி என்று அடுக்கினார். ஒன்றுக்கொன்று இடிக்கிறதே என்றேன். "மூணையும் போடுங்கண்ணே, எது நிக்குதோ நிக்கட்டும்."

கரியாலூர்க்காரர்

பட்டா மனுவுக்குக் காத்திருந்த, கல்வராயன் மலைமேல் இருக்கும் கரியாலூர் விவசாயி இதையெல்லாம் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தார். கொலைகாரன் வெளிநாட்டிலிருந்து வந்து கல்வராயன் மலையில் தங்கியிருந்தான் என்று கட்சிக்காரர் சத்தியம் பண்ணியதும் அவருக்குத் தாங்கவில்லை. "பொண்ணு பாக்க வந்தாலே யாரு எவருன்னு ஒம்போது பேரு கேக்கற ஊருங்க அது, அங்க வெளிநாட்டுக்காரன் வந்து குந்திக்கினு இருந்தானா?"

என் கைவேலை

தலைவரின் கார் டிரைவர் சம்பவத்தன்று லீவு. மறுநாள் வெள்ளிக்கிழமை என்னிடம் வந்து, கொலை நடந்த காரில் தன் லைசென்ஸ் மாட்டிக்கொண்டது, திருப்பித் தர வேண்டும் என்று போலீசுக்கு மனு அடித்துக்கொண்டு போனார். பத்தாம் நாள் அழாத குறையாக வந்து நின்றார். "அண்ணே, கொலைய பத்தி மொத நாளே மனு எழுதிட்டனாம். வாட்ஸ்அப்புல சுத்துது. ஒருத்தனும் வண்டி தர மாட்றான்."

அவர் கையிலிருந்த மனு நகலை வாங்கிப் பார்த்தேன். கீழே புதன்கிழமைத் தேதி! எங்கள் தொழிலில் யார் புதிதாக அடிக்கிறார்கள்? பழைய மனுவைத் திறந்து பேரை மாற்றுவோம், விஷயத்தை மாற்றுவோம். அன்றைக்குப் புதன்கிழமை மனு ஒன்றைத் திறந்தவன், தேதியை மட்டும் மாற்றாமல் விட்டுவிட்டேன். வெளியே தெரிந்தால் என் கடைக்கு எவன் வருவான் என்ற பயம் வந்தது. ஆனால் அந்த மனுஷன் முகத்தைப் பார்த்தபிறகு வாயை மூடிக்கொண்டு இருக்க முடியவில்லை. அவரையும் அழைத்துக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போய் இன்ஸ்பெக்டரிடம் ஒப்புக்கொண்டேன். அவர் சிரித்துவிட்டார். "யோவ், அன்னிக்கி உன் கடையிலேர்ந்து வந்த நாலு மனுவுலயும் அதே தேதிதான்யா. நாங்க அப்பவே சொன்னோம், எவன் நம்பறான்?"

நோட்டீஸ்

வேறு வழியில்லை. தேதியைத் தப்பாக அடித்தது நான்தான், டிரைவர் மேல் குற்றமில்லை என்று பெரிய எழுத்தில் அடித்துக் கடை வாசலிலேயே ஒட்டினேன். கட்சிக்காரர் படித்துவிட்டு என் தோளைத் தட்டினார். "இன்னா சொல்லி மெரட்டனாங்கண்ணே?"

அந்த நோட்டீசைப் படமெடுத்துக்கொண்டு டிரைவர் உளுந்தூர்பேட்டையில் ஒரு லாரி ஓனரிடம் வேலை கேட்டுப் போனார். சாவியை வாங்கிய கையோடு எனக்குப் போன் போட்டார், குரலில் அவ்வளவு சந்தோஷம். ஓனர் சொன்னதை அப்படியே சொன்னார்: "தன் கடை வாசல்லயே தன் தப்ப எழுதி ஒட்டறவன் பொய் சொல்ல மாட்டான், ஏறுய்யா வண்டியில."

டிரைவர் நிம்மதியாக லாரி ஓட்டுகிறார், கட்சிக்காரரின் பட்டியலில் நான் நான்காவது சதியாகச் சேர்ந்துவிட்டேன், எனக்கு அதில் ஒரு வருத்தமும் இல்லை.