கண் சிமிட்டி வாங்கிய ஒரு கூடைச் சாளை

மூன்று வருடமாக எனக்குக் கண் உலர்ச்சி. மண் விழுந்த மாதிரி எந்நேரமும் உறுத்தும். சொட்டு மருந்து வாங்கிக் கட்டுப்படியாகவில்லை என்று நேற்று அரசு ஆஸ்பத்திரி டாக்டரிடம் புலம்பினேன்.

"மலிவான மருந்தா எழுதித் தாரேன். கூடவே அடிக்கடி கண்ணை நல்லா மூடித் திறங்க. அதுக்குக் காசே கிடையாது" என்றார்.

இன்று காலை மீன் வாங்கத் திரேஸ்புரம் போனேன். கரையில் ஏலம் நடந்துகொண்டிருந்தது. உப்புக்காற்றில் கண் எரிய, வேடிக்கை பார்த்தபடியே வைத்தியத்தை ஆரம்பித்தேன்.

சற்று நேரத்தில், ஏலம் விடுகிற அண்ணாச்சி ஒரு கூடைச் சாளைமீனை என் காலடியில் தள்ளினார்.

"நான் கேக்கவே இல்லையே அண்ணாச்சி."

"இங்கன வாயாலயா கேப்பாவ? கண்சாடைதான். எல்லாரும் விட்ட பெறகும் நீருதான கண்ணைக் காட்டிக்கிட்டே நின்னீரு?"

ஏலத்தில் எடுத்ததை வேண்டாம் என்றால் மறுபடி அந்தக் கரைக்குப் போக முடியாது. எடுத்துக்கொண்டேன்.

வீட்டில் கூடையை இறக்கியதும் மனைவி இமைக்காமல் என்னையே பார்த்தாள். இப்படிப் பார்த்தால்தான் கண் காயும் என்று சொல்ல வந்தேன். அதற்குப் பதிலாகப் போனை எடுத்து இந்தப் பதிவை எழுத உட்கார்ந்துவிட்டேன்.

சாளை வேண்டுபவர்கள் கமெண்டில் எழுதிக் கேளுங்கள். கண்ணடிக்கிற எமோஜி மட்டும் போடாதீர்கள், கூடையோடு வந்து நிற்பேன்.