தோள் பக்கம் நடுக்கோடு

2025 மே 17, சனிக்கிழமை. ஐந்து மணிக்கு எழுந்து ஃபஜ்ர் தொழுதேன். வாசல் கூட்டினேன், குழாயில் தண்ணீர் நிற்பதற்குள் தொட்டியை நிரப்பினேன். காலைக்கு இட்லியும் தக்காளிச் சட்னியும். பள்ளிக்குக் கோடை விடுமுறை, ஆகவே தேவகோட்டை பஸ் பிடிக்கும் ஓட்டம் இல்லை. அங்கேதான் நான் கணக்கு டீச்சர். மறுநாள் அதே தேவகோட்டையில் என் நாத்தனார் மகளுக்கு நிக்காஹ். மகளோடு சேர்த்து எங்கள் மூன்று பேருடைய துணிகளையும் இஸ்திரி போட்டுக் கட்டிலில் தனித்தனியாக வைத்தேன். பிறகு என் கணவர் சொன்னபடி ஆக்டிங் டிரைவருக்குப் போன் செய்து, காலை எட்டு மணிக்கு வரச் சொன்னேன்.

இந்தக் கடைசி வேலையை மட்டும் மனமில்லாமல் செய்தேன். கார் வைத்திருந்தும் ஓட்டத் தெரியாதவர்கள்தான் ஆக்டிங் டிரைவரைக் கூப்பிடுவார்கள். என் கணவரோ இருபது வருடத்துக்கு மேல் ஷார்ஜாவில் டிரைவராக இருந்தவர். ஒருமுறைகூட ஃபைன் கட்டியதில்லை என்று மூச்சுக்கு மூச்சு சொல்லுவார்.

மார்ச் மாதம் ஒரேயடியாக ஊர் திரும்பி, ஏப்ரலில் ஒரு பழைய கார் வாங்கினார். கழுவித் துடைத்துப் புதுக் கார் போலவே வைத்திருந்தார். ஆனால் அங்கே சாலையில் வலப்பக்கம் போக வேண்டும், இங்கே இடப்பக்கம். லீவில் வந்த நாட்களில் அவர் இங்கே வண்டி ஓட்டியதே இல்லை. முன்னால் வண்டிகள் போனால் தடுமாற்றம் இல்லை, அவற்றின் பின்னாலேயே போய்விடுவார். காலியான சாலையில் திரும்பும்போதுதான் சிக்கல். எங்கள் தெரு செக்காலை ரோட்டில் சேரும் முனையில் ஒருநாள் காலையில் திரும்பி, நேராக எதிர்ப்பக்கம் போய்விட்டார். பால் வண்டிக்காரர் பிரேக் அடித்து இறங்கி, "ஏன்ணே, ரோட்டையே வெலைக்கு வாங்கிட்டீகளா?" என்று கேட்டார். அடுத்த வாரம் அதே முனையில் அதே தப்பு. அப்போது நானும் காரில் இருந்தேன்.

"என்னங்க இது, ஊருக்கே தெரிஞ்ச விசயம். கவனமா ஓட்டக் கூடாதா?" என்று கடிந்துகொண்டேன்.

"எனக்குத் தெரியும். கை கேக்க மாட்டேங்குது" என்றார். வீட்டுக்கு வந்ததும் சாவியை என்னிடம் கொடுத்தார். நான் அதை என் சாவிக் கொத்தில் கோத்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை நாத்தனார் போனில், "அண்ணன் காரை ஓட்டிக்கிட்டு வந்து எறங்குறதப் பாக்க வாசல்லயே நிப்பேன் மச்சி. மாப்ள வீட்டுக்காரக எல்லார்ட்டயும் சொல்லிவச்சிருக்கேன்" என்றாள். ஸ்பீக்கரில் இதைக் கேட்ட அவர் எழுந்து கொல்லைப்பக்கம் போனார். ஆக்டிங் டிரைவர் யோசனை அதற்கு அப்புறம் வந்ததுதான்.

சனிக்கிழமை மதியம் மீன் குழம்பு. சாப்பிட்டு முடித்ததும் மகள் டிவியில் கேம் போட்டாள். கோயம்புத்தூரில் இன்ஜினியரிங் படிக்கிறாள், லீவில் வந்திருந்தாள். அது ஒரு கார் பந்தய விளையாட்டு. பெரிய நகரத்தின் தெருக்களில் மற்ற கார்களை முந்த வேண்டும். வேகம் கூடினால் போலீஸ் துரத்தும். பிடிபடாமல் தப்பித்தால் வெற்றி.

"அத்தா, ஒரு ரவுண்டு ஓட்டுறீகளா?"

"வேணாம்மா" என்றார். கண் மட்டும் திரையிலேயே இருந்தது. கொஞ்ச நேரத்தில், "அந்த ஊர்லயும் வலப்பக்கந்தான் போறாய்ங்க" என்றார். அப்புறம் கன்ட்ரோலரை அவரே கையில் வாங்கிக்கொண்டார்.

ஓட்டினார் பாருங்கள். வளைவில் அலுங்காமல் திரும்பினார், லாரிகளுக்கு நடுவே நூல் பிடித்த மாதிரி போனார். மகள் கைதட்டினாள். ஆனால் சிவப்பு விளக்கு வந்ததும் நின்றார். பந்தயக் கார்கள் எல்லாம் பறந்துவிட்டன.

"அத்தா! இதுல சிக்னலெல்லாம் பாக்கக் கூடாது."

"சிக்னல் வச்சது எதுக்கு, அழகுக்கா?"

பச்சை விழுந்த பிறகு விரட்டிப் போய் இரண்டாம் இடத்துக்கு வந்துவிட்டார். அப்போது பின்னால் சைரன் கேட்டது. உடனே வேகத்தைக் குறைத்து, ஓரமாக ஒதுக்கி, அழகாக நிறுத்தினார்.

"ஏன் நிப்பாட்டுனீக? போங்க, போங்க!"

"போலீஸ் வருதுல்ல?"

"போலீஸ் வருதுன்னுதான் ஓடணும்!"

"இத்தன வருசமா ஒரு ஃபைன் வாங்காத ஆளு, இதுல போய் வாங்கவா?"

போலீஸ் கார்கள் சுற்றி வளைத்தன. பிடிபட்டதாகத் திரையில் கொட்டை எழுத்தில் வந்தது. அவர் கன்ட்ரோலரோடு காத்திருந்து, "லைசென்ஸ் கேக்க ஒருத்தனும் எறங்கலையே" என்றார். மகள் பாயில் உருண்டு சிரித்தாள். ஏப்ரலுக்குப் பிறகு அன்றுதான் அவரும் வாய்விட்டுச் சிரித்தார்.

அடுத்து என் முறை. எனக்குக் கேம் பழக்கம் இல்லை, ஆனால் தினமும் பஸ் ஸ்டாண்டுக்கு ஸ்கூட்டரில் போகிறவள். சும்மா சொல்லக் கூடாது, நேர் சாலையில் நன்றாகவே போனேன். முதல் திருப்பத்தில் திரும்பியதும் இடப்பக்கம் ஏறினேன், எதிரே வந்த லாரியில் மோதினேன். இரண்டாவது திருப்பத்தில் ஒரு வேன். மூன்றாவது முறை என்னைப் பிடிக்க எதிரே வந்த போலீஸ் காரையே நேருக்கு நேர் முட்டினேன்.

"டீச்சரம்மா, அது எதிர்ப்பக்கம்" என்றார் அவர்.

"எனக்குத் தெரியும். கை கேக்க மாட்டேங்குது" என்றேன்.

சொன்ன பிறகுதான் அது யாருடைய வார்த்தை என்று எனக்கு உறைத்தது. அவர் என்னைப் பார்த்தார்.

"ஊருக்கே தெரிஞ்ச விசயம். கவனமா ஓட்டக் கூடாதா?" என்று என் குரலிலேயே கேட்டார். மூவரும் சிரித்து முடிக்கும்போது திரையில் என் கார் புகைந்துகொண்டிருந்தது.

"காருக்கு உள்ள இருந்து பாக்குற மாதிரி வருமா?" என்று மகளிடம் கேட்டார். அவள் ஒரு பட்டனை அழுத்தினாள். ஸ்டீயரிங் இடப்பக்கம் தெரிந்தது.

"இப்பப் பாரு. நீ இடப்பக்கம் உக்காந்திருக்க. நடுக்கோடு எப்பவும் உன் இடது தோள் பக்கம் இருக்கணும். திரும்புனதும் மொதல்ல கோட்டத் தேடு, அதத் தோளோட சேத்துக்க. நான் மொத மொத ஷார்ஜா போனப்ப ஒரு மாசம் தோளத் தட்டித் தட்டித்தான் ஓட்டுனேன். அப்பறம் தன்னால வந்துருச்சு, மறந்தே போச்சு."

நான் தோளைத் தட்டிக்கொண்டு திரும்பினேன். சரியாகப் போனது. அடுத்த திருப்பமும் சரி. பின்னால் நான்கு போலீஸ் கார்கள்.

"நிப்பாட்டாத! அங்குட்டு சந்து இருக்கு பாரு, விடு உள்ள!" என்று கத்தினார், ஒரு ஃபைன் வாங்காத மனிதர். சந்துக்குள் புகுந்து தப்பித்தேன். மகள் என்னைக் கட்டிக்கொண்டாள்.

அவர் மட்டும் திரையை விட்டுத் திரும்பினார். வலது கையை ஸ்டீயரிங் பிடிப்பதுபோல் காற்றில் வைத்து, இடது கையால் வலது தோளைத் தட்டிப் பார்த்தார்.

"நம்ம கார்ல ஸ்டீயரிங் வலப்பக்கம். இங்க நடுக்கோடும் வலது தோள் பக்கந்தான்" என்று மெதுவாகச் சொன்னார். "ரெண்டு ஊருக்கும் ஒரே கணக்கு. தோள்தான் மாறுது. இது எனக்கு ஏன் தோணல?"

அப்போது அஸர் தொழுகைக்குப் பாங்கு கேட்டது. அவர் தொழக் கிளம்பினார். தெருவில் இறங்கும்போதும் தோளில் ஒரு தட்டு. சாவியை அவர் கேட்கவில்லை, நானும் எடுத்து நீட்டவில்லை. ஆக்டிங் டிரைவர் பற்றியும் அன்று யாரும் பேச்செடுக்கவில்லை.

மறுநாள் ஃபஜ்ர் தொழுது வந்ததும் என் முன்னால் கையை நீட்டினார். சாவியைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, நானும் காரில் ஏறினேன். செக்காலை ரோட்டு முனையில் ஒரு வண்டிகூட இல்லை, பின்பற்றிப் போக ஆளில்லை. வலது தோளைத் தட்டினார், திரும்பினார். நடுக்கோடு அவர் பக்கம் இருந்தது. சுற்றி வந்து மறுபடி திரும்பினார், மறுபடியும் சுற்றி வந்து திரும்பினார். பால் வண்டிக்காரர் எதிரே வந்து, தன் பக்கத்திலேயே போய், கையை உயர்த்திக் காட்டினார்.

வீட்டு வாசலில் காரை நிறுத்தி இறங்காமலே போனை எடுத்தார்.

"தம்பி, எட்டு மணிக்கு நீங்க வர வேணாம். தப்பா நெனைக்காதீக. இந்த வண்டிக்கு ஆள் இருக்கு."