மூன்றாம் ஓலை

எண்பதுகளின் தொடக்கம். காரைக்காலிலிருந்து கோட்டுச்சேரி போகும் வழியில் இருந்த எங்கள் சின்ன மாதா கோயிலில், காலைப் பூசையின்போது என் நண்பனின் கல்யாண ஓலையை வாசித்தார்கள். மணமக்களின் பெயரை மூன்று ஞாயிறு அறிவிப்பார்கள். தடை ஏதும் தெரிந்தவர்கள் சாமியாரிடம் சொல்லியாக வேண்டும்; மறைப்பது பாவம்.

எனக்குத் தெரியும். தன் மனம் ஆண்களிடம்தான் போகிறது என்று பள்ளிக்கூட நாட்களிலேயே என்னிடம் மட்டும் சொல்லியிருந்தான். நான் வாய் திறக்கவில்லை. சாம்பிராணிப் புகை ஜன்னல் வெளிச்சத்தில் மெல்ல ஏறியது. கடல்காற்றில் பெண்களின் முக்காடுகள் அசைந்தன. மணப்பெண் மூன்றாவது வரிசையில் தலைகுனிந்து, தூக்கத்தில் சிரிப்பவள்போல் சிரித்துக்கொண்டிருந்தாள்.

மூன்றாம் ஓலை வாசித்த அன்று, பூசை முடிந்ததும் வாசலில் என் கையைப் பிடித்தான்.

“நீ போய்ச் சொல்லுவேன்னு மூணு வாரமா பாத்துக்கிட்டிருக்கேன்டா.”

“ஒன் பேரு கெட்டுப்போயிருமேன்னுதான்...”

“அந்தப் பொண்ணு காலம் பூரா என்கூட என்னடா பண்ணும்? பேப்பருக்கு ஊர்ச் சேதியெல்லாம் எழுதுற. இத மட்டும் முழுங்கிட்ட.”

அவனே உள்ளே போனான். சாமியார் பூசை உடுப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். நான் கதவோரம் நின்றேன். ஒளிக்காமல் சொன்னான். சாமியார் கழற்றிய உடுப்பை மடித்து மேசையில் வைத்தார்.

“பொய்ச் சத்தியம் பண்ணித் தாலி கட்டாம, வந்து சொன்னியே. பொண்ணு மேல குத்தமில்லன்னு நானே அறிவிக்கிறேன்” என்றார். பிறகு, நிமிராமலே, “மாதா சப்பரத்துல இனிமே நீ கை வைக்க வேணாம்ப்பா. ஒன்ன மாதிரி ஆளு தொடக்கூடாது.”

“சரிங்க சாமி.”

அந்தச் சப்பரத்தின் முன்கழியை ஏழு வருடமாக நானும் அவனும்தான் தூக்கிவந்தோம்.

சாமியார் சொன்னபடியே அறிவித்தார். மறுவருடம் அந்தப் பெண் வரிச்சிக்குடியில் ஒரு வாத்தியாருக்கு வாழ்க்கைப்பட்டு நன்றாகவே இருந்தாள். திருவிழாவன்று கருக்கலில் சப்பரம் அவன் தெருவில் திரும்பியபோது, மெழுகுவர்த்திகள் தண்ணீரில் மிதப்பதுபோல் நகர்ந்தன. அவன் தன் வாசலில் கைகூப்பி நின்றான். நான் முன்கழியைச் சுமந்தபடி கடந்தேன். பக்கத்தில் வேறொருவன்.

அப்பாவின் பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்து அவன் பிறகு பிரான்சுக்குப் போய்விட்டான். ஓலைக்கு நான் வாய் மூடியிருந்ததைப் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லி மன்னிப்புப் பெற்றேன்; அவனை விலக்கியபோது கதவோரம் பேசாமல் நின்றதை மட்டும் இதுவரை எந்தச் சாமியாரிடமும் சொல்லவில்லை, ஏனென்றால் அதற்கு மன்னிப்புக் கேட்க வேண்டியது அவனிடம்.