தீபாவளிக்கு முன்னால் காணாமல் போன கங்காணி

போன வருடம் தீபாவளி நெருங்கிக்கொண்டிருந்த நேரம். மஸ்கெலியாப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் மழை விட்டபாடில்லை. அந்த மழையில்தான் என் வாத்து காணாமல் போனது. ஒரு வாத்துக்கு இவ்வளவு கதையா என்று கேட்காதீர்கள். அன்று எங்கள் லயத்து வரிசை வீடுகள் எல்லாமே அதைத்தான் கேட்டன.

நான் கொழுந்து பறிப்பவள். வீட்டுக்காரருக்குத் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை. லயத்துக்குப் பின்னால் இருக்கிற துண்டு நிலத்தில் மரக்கறி போட்டு, ஓரமாக ஒரு கூடு அடித்து ஐந்து வாத்துகள் வளர்த்தோம். நான்கு முட்டைக்கு. ஐந்தாவது எனக்கு.

அதற்கு முந்தைய வருடம் மலையில் வழுக்கி விழுந்து வலது காலை முறித்துக்கொண்டிருந்தேன். கட்டுப் பிரித்த பிறகும் காலை ஊன்ற எனக்குத் தைரியம் வரவில்லை. அந்தச் சமயம் வாத்து முட்டைகளுக்குக் கோழியை அடை வைத்ததில் ஒரே ஒரு வாத்துக்குஞ்சு பொரித்தது. அது தண்ணீரில் இறங்குவதைப் பார்த்துப் பயந்து கோழி அதைக் கைவிட்டுவிட்டது. அன்றிலிருந்து நான்தான் அதற்குத் தாய். காலைக் குளிருக்கு இடுப்பில் கட்டியிருந்த என் மஞ்சள் படங்கின் மடிப்புக்குள் புகுந்து தூங்கும். விழித்தால் நேராக வடிகால் கானுக்குள் இறங்கி, ஏறத் தெரியாமல் கத்தும். டாக்டர் எவ்வளவு சொல்லியும் நடக்காத நான், அதன் கத்தலுக்குப் பயந்து எழுந்து நடந்தேன். இன்று நான் வேலைக்குப் போகிறேன் என்றால் அதற்கு அந்தக் குஞ்சுதான் காரணம். இதை யாரிடம் சொன்னாலும் சிரிப்பார்கள், ஆனால் உண்மை அதுதான்.

படங்கு என்பது தேயிலைச் செடி கிழிக்காமலும் ஈரம் படாமலும் இருக்க இடுப்பைச் சுற்றிக் கட்டுவது. மற்றவர்களுடையது கறுப்பும் நீலமுமாக இருக்க, என்னுடையது மட்டும் பளிச்சென்ற மஞ்சள். அதைக் கட்டாமல் நான் மலையிலும் இறங்கியதில்லை, மரக்கறிப் பாத்தியிலும் இறங்கியதில்லை.

நான் திரும்ப வேலைக்குப் போனபோது வாத்தும் பின்னாலேயே வந்தது. லயத்தை ஒட்டிய மலையில் நாங்கள் பறிக்கும் நாளில், நிரைக்கு நிரை தலையை நிமிர்த்திக்கொண்டு நடக்கும். வேலையை மேற்பார்க்கும் கங்காணியின் நடை அப்படியே இருந்ததால் எங்கள் பெண்கள் அதற்குக் கங்காணி என்றே பெயர் வைத்துவிட்டார்கள். பெட்டை வாத்து என்பதை யாரும் பொருட்படுத்தவில்லை. காலடியில் ஊரும் அட்டைகளைக் கொத்தித் தின்பதால் அதற்கு எல்லாரிடமும் செல்லம். வயிறு நிறைந்ததும் தானாகவே கூட்டுக்குப் போய்விடும்.

அன்று கொழுந்து அதிகம் என்று, தோட்டத்தின் இன்னொரு பிரிவான கீழ் டிவிசன் பெண்களையும் எங்கள் மலைக்கு அனுப்பியிருந்தார்கள். எங்களுக்கோ அன்று காலைதான் தோட்டத்தில் புதுப் பச்சைப் படங்கு கொடுத்தார்கள். என் பக்கத்தில் நின்ற கீழ் டிவிசன் பெண்ணின் படங்கு கிழிந்து தொங்கியது. பாவமாக இருந்தது. புதியதைக் கட்டிக்கொண்டு, மஞ்சளை அவளிடம் கொடுத்துவிட்டேன். அவள் மலையின் மறு ஓரத்துக்குப் போனாள். பனிமூட்டத்தில் பத்தடிக்கு அப்பால் ஆள் தெரியவில்லை. கங்காணியை அதற்குப் பிறகு நான் பார்க்கவில்லை. வழக்கம்போல் வீட்டுக்குப் போயிருக்கும் என்று நினைத்தேன்.

சாயங்காலம் கூட்டை அடைக்கப் போனால் நான்குதான் இருந்தன. குளித்து உடுப்பு மாற்றியிருந்தவள் அப்படியே ஓடைக்கு இறங்கி, "கங்காணி, கங்காணி" என்று கத்தினேன். நிஜக் கங்காணி லயத்து வாசலில் வந்து நின்று, என்ன என்று கேட்டார். கூட இருந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். கீரி கடித்திருக்கும் என்றார்கள். தீபாவளி வருகிறது, எந்த வீட்டுச் சட்டியில் கொதிக்கிறதோ என்றாள் பக்கத்துக் காம்பரா வீட்டுக்காரி. வீட்டுக்காரர் மட்டும் பரிவாகப் பேசினார்.

"சிறுத்தை தூக்கிட்டுப் போயிருக்கும். தீபாவளி முடியட்டும், அட்டன்ல வேற குஞ்சு வாங்கித் தர்றேன்."

எனக்கு வேறு வேண்டாம் என்றேன். மறுநாளும் வேலை முடிந்ததும் தேடினேன். ஓடைக்கரை, கான், தேயிலைத் தூருக்கு அடியில், நீர்த்தேக்கத்து ஓரம் வரை போய்விட்டு வந்தேன். கால் விண்விண் என்று தெறித்தது. ஆனால் ஒரு விஷயம் மனதில் பட்டது. எங்கேயும் ஒரு வெள்ளை இறகுகூடக் கிடக்கவில்லை. மிருகம் கடித்திருந்தால் இறகு பறந்திருக்கும். அப்படியானால் என் வாத்து தன் காலால் நடந்துதான் எங்கேயோ போயிருக்கிறது. நடந்து போனதை நடந்து போய்க் கூட்டிவரலாம்.

அடுத்த நாள் காலை வீட்டுக்காரர் முதல் ஷிப்டுக்குப் போய்விட்டதால், வேலைக்குப் பேர் பதிகிற பெரட்டுக்குப் போகிற அவசரத்தில் நானே கூட்டைத் திறந்தேன். நான்கு வாத்துகளும் வெளியே வராமல் மூலையில் ஒண்டிக்கொண்டு என்னைப் பார்த்துக் கத்தின. இது என்னடா புதுக்கூத்து என்று குனிந்து பார்த்தால், இடுப்பில் பச்சைப் படங்கு. அவிழ்த்துப் போட்டேன். கொஞ்ச நேரத்தில் அடங்கின. கங்காணி எங்கே போயிருக்கும் என்று தெரிந்துவிட்டது.

பெரட்டுக் களத்துக்குப் போய், இன்றைக்குப் பேர் போட வேண்டாம், கீழ் டிவிசனுக்குப் போக வேண்டும் என்று கங்காணியிடம் சொன்னேன். பண்டிகை நேரத்தில் ஒரு நாள் பேரையும் சம்பளத்தையும் விடுகிறவளை அவர் ஒருமாதிரி பார்த்தார்.

"ஒரு வாத்துக்காக வேலைய விட்டா மத்தவங்க சிரிக்க மாட்டாங்களா?"

"சிரிக்கட்டுங்க. நான் போய்ட்டு வந்துர்றேன்."

அடுத்த டிவிசனுக்குப் போகிறோமே என்று நல்ல சேலை ஒன்றைக் கட்டிக்கொண்டு கிளம்பினேன். பஸ் இல்லாத பாதை. செங்குத்தான குறுக்குவழியில் காலைப் பிடித்துப் பிடித்து இறங்கினேன். வாத்து ஏற்கனவே சட்டிக்குப் போயிருந்தால் என்ன செய்வது என்று ஒவ்வொரு வளைவிலும் தோன்றியது. அப்படியென்றாலும் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் திரும்புவேன் என்று என்னையே திட்டிக்கொண்டு நடந்தேன்.

கீழ் டிவிசன் லயத்தின் கோடி வீட்டு வேலியில் என் மஞ்சள் படங்கு மழையில் நனைந்தபடி தொங்கிக்கொண்டிருந்தது. அதற்கு நேர் கீழே கங்காணி படுத்திருந்தது.

வாய் நிறையக் கூப்பிட்டேன். கழுத்தைத் தூக்கி என்னைப் பார்த்தது. பிறகு தலையைச் சிறகுக்குள் செருகிக்கொண்டது. கிட்டே போனால் எழுந்து வேலிக்கு அந்தப் பக்கம் ஓடியது. மடியில் வைத்து வளர்த்தது, என்னைக் கண்டு ஓடுகிறது. மழையோடு மழையாக என் கண்ணிலும் கொட்டியது.

சத்தம் கேட்டு அந்தப் பெண் வெளியே வந்தாள். என்னை அடையாளம் தெரிந்ததும் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இது உங்களுதா அக்கா? அன்னைக்கு மலையிலேர்ந்து என் பின்னாடியே வந்துச்சு. எவ்வளவு வெரட்டியும் போகல. யாராச்சும் தேடி வருவாங்கன்னுதான் வெட்ட விடாம வச்சிருக்கேன்."

வெட்ட விடாமல் என்றது அவள் புருஷனை. அவர் உள்ளேயிருந்து வந்து, வாத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நீங்க வளர்த்ததுன்னா உங்களக் கண்டு ஏன் ஓடுது?"

கேள்வி நியாயமானது. அதனால்தான் அப்படிச் சுட்டது. அவளிடம் கேட்டு வேலியிலிருந்த படங்கை எடுத்தேன். ஈரத்தோடு நல்ல சேலையின் மேல் சுற்றி இறுகக் கட்டினேன். பிறகு திரும்பிப் பார்க்காமல் லயத்து வாசல் வழியே நடக்க ஆரம்பித்தேன். வாசலில் நின்றவர்கள் எல்லாம் என்னைப் பார்த்தார்கள். பின்னால் ஒரு சத்தமும் இல்லை. இன்னும் கொஞ்சம் நடந்தேன். சேற்றில் சப் சப்பென்று காலடி கேட்டது. நின்றேன், அதுவும் நின்றது. குனிந்து உட்கார்ந்தபோது நேராக வந்து படங்கின் மடிப்புக்குள் தலையை நுழைத்துக்கொண்டது.

அந்த மனிதர் தலையைச் சொறிந்துகொண்டு, தேத்தண்ணி குடித்துவிட்டுப் போங்கள் என்றார். குடித்தேன். கொடுத்ததைத் திரும்ப வாங்க எனக்குக் கூச்சமாக இருந்ததால், என் புதுப் பச்சைப் படங்கை மறுநாளே கொழுந்து லொறியில் அவளுக்கு அனுப்பிவைத்தேன். மஞ்சளை இப்போதும் நான்தான் கட்டுகிறேன். ஏன் புதியதைக் கட்டவில்லை என்று மடுவத்தில் கொழுந்து நிறுக்கிறவர் கேட்டால், கங்காணி உத்தரவு என்று சொல்லிவிடுவேன்.

என் முகம் அதற்குத் தெரியவில்லையே என்ற வருத்தம் கொஞ்ச நாள் இருந்தது. யோசித்துப் பார்த்தால், அது நிற்கிற உயரத்துக்கு என் முகம் எங்கே தெரியப்போகிறது? என்னை உதறிவிட்டுப் போய்விட்டதே என்று நான் இரண்டு நாள் அழுதேன். அதுவோ அந்த மழையில், அவ்வளவு தூரமும், என் பின்னால்தான் போகிறோம் என்று நம்பிக்கொண்டே நடந்திருக்கிறது. இப்போதெல்லாம் யாராவது என்னை விட்டுப் போய்விட்டதாகத் தோன்றினால், அழ உட்காருவதற்கு முன்னால் ஒரு தடவையாவது அவர்கள் போன வழியில் நடந்து பார்த்துவிடுகிறேன்.