ஒன்பதாம் மாடிக்குப் போன பத்தியச் சாப்பாடு

பிள்ளை பெற்றவர்களுக்குப் பத்தியச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கும் தொழிலில் ஒரு விசித்திரம்: சட்டியை வாங்க வீடே ஓடி வரும், சாப்பிட வேண்டியவள் மட்டும் வரமாட்டாள். யுனிவர்சிட்டி வகுப்பு இல்லாத நேரத்தில் மோட்டார் சைக்கிளில் அடுக்குச்சட்டி கட்டிக்கொண்டு சுங்கை பினாங் அடுக்குமாடிகளுக்கு அலையும் எனக்கு இது தெரியும். லிஃப்ட் கெட்ட நாளிலும் படியேறிய சக தியாகிகளே, உங்களுக்கும் தெரியும்.

பால் விசாரணை

ஒன்பதாம் மாடியில் பவானி அக்கா. தலைப்பிரசவம். முதல் நாள் கதவைத் திறந்த மாமியார், "இந்த சூப் குடிச்சா பால் ஊறுமா?" என்றார். பின்னால் நின்ற நாத்தனார், "எத்தனை நாள்ல ஊறும்?" என்றார். நான் கொண்டுவந்தது மாட்டுத் தீவனமா என்று கேட்க நாக்கு துடித்தது. அடக்கிக்கொண்டு, "அக்கா எப்படி இருக்காங்க?" என்றேன்.

மாமியார் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "புள்ள மூணு கிலோ லா, நல்லா இருக்கு!"

காலிச் சட்டி

பத்து நாளும் சட்டி காலியாக, கழுவித் திரும்பியது. சமைக்கும் சாந்தி அக்காவுக்குப் பெருமை தாங்கவில்லை. பதினோராம் நாள் பவானி அக்காவின் கணவர் ரவி அண்ணன் கதவருகே வந்து, "தங்கச்சி, நேத்து பூண்டுக் குழம்புல மிளகு பத்தல," என்றார்.

"அக்கா சொன்னாங்களா?" என்றேன். அப்போதுதான் உண்மை வந்தது. அக்கா இரண்டு வாய்க்கு மேல் தொடுவதில்லை, கூப்பிட்டால் திரும்புவதில்லை, சுவரையே பார்த்துக்கொண்டிருக்கிறார். அப்படியானால் சாப்பாடு எங்கே போனது?

"வீணாக்கக் கூடாதுல்ல தங்கச்சி? பாரேன், எனக்கே உடம்பு தேறிடுச்சு!"

மாமியார் எழுதிய பரீட்சை

அன்று செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனேன். பிரிட்ஜில் ஒட்டியிருந்தது, கிளினிக் மிஸ்ஸி, அந்த நர்ஸம்மா, நிரப்பச் சொல்லிக் கொடுத்த பாரம். தாயின் மனநிலை பற்றிய கேள்விகள். மறுநாள் கொடுக்க வேண்டும். எல்லாமே நலம் என்று டிக் போட்டிருந்தது, மாமியாரின் ஊதாப் பேனாவில். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ஆன்ட்டி, என் பரீட்சைய எங்கம்மா எழுதினா விடுவாங்களா?"

அவரும் விடவில்லை. "பச்ச உடம்புக்காரிகிட்ட அழுகை வருதான்னு கேட்டா, வராதவளுக்கும் வந்துடும்மா!"

பேனா கை மாறியது

வாதத்தை முடித்தது நானல்ல, ரவி அண்ணன். டிக்குகளையெல்லாம் அடித்துவிட்டு, பாரத்தையும் பேனாவையும் அறைக்குள் கொண்டுபோய் அக்கா கையில் வைத்தார். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, தன் அம்மாவையும் ஹாலுக்குக் கூட்டிப் போனார். நான், வாழ்க்கையில் முதல்முறையாக, வாயை மூடிக்கொண்டு அக்கா பக்கத்தில் உட்கார்ந்தேன். ஒரு பக்கப் பாரத்துக்கு முக்கால் மணி நேரம். பாதி நேரம் அழுகை.

முடித்து என்னிடம் நீட்டும்போது அக்கா சொன்னார்: "இத யாராச்சும் வாயால கேட்டிருக்கலாம் லா."

குறை

பாரத்தைப் படித்ததும் மிஸ்ஸி டாக்டரிடம் அனுப்பினார். அக்கா இன்னும் கிளினிக்குக்குப் போய்க்கொண்டுதான் இருக்கிறார். மாமியார் பிள்ளையை வைத்துக்கொள்ள, அக்கா பகலில் தூங்குகிறார். முப்பது நாள் சாப்பாட்டை மேலும் பதினைந்து நாள் நீட்டினார்கள்.

அதன் கடைசி வாரம் கதவைத் திறந்தது பவானி அக்காவேதான். தலை வாரியிருந்தது, ஒரு கை இடுப்பில். "ஏய், உங்க பூண்டுக் குழம்புல மிளகே இல்லையே, இத மனுஷி சாப்பிடுவாளா?"

சமையலில் குறை சொல்ல தாயே எழுந்து வந்துவிட்டால் அந்த வீட்டைப் பற்றி எனக்குக் கவலையில்லை. குறையே இல்லாமல் சட்டி கழுவித் திரும்பும் வீடுகளில்தான் இப்போதெல்லாம் செருப்பைக் கழற்றுகிறேன்.