வாசலை மறித்த விளக்கு

எனக்குப் பொறுமை பிறவியிலேயே கிடையாது. ஷேர் ஆட்டோ நிறையும்வரை உட்கார மாட்டாமல் எங்கள் ஊர் ஐயம்பேட்டையிலிருந்து டவுனுக்குப் பாதி தூரம் நடந்தே போய்விடுகிற ஆள் நான். அப்படிப்பட்ட நான்தான் வந்தவர்களையெல்லாம் வாசலிலேயே நிற்க வைக்கிற ஒரு வெப்சைட்டைச் செய்தேன். இன்றைக்கு நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது.

இரண்டாயிரத்தை ஒட்டிய வருடங்கள். கம்ப்யூட்டர் சென்டரில் ஆறு மாதம் வெப் டிசைன் படித்து முடித்திருந்தேன். பஸ் கண்டக்டரான அப்பா எனக்கு ஆவணி வரை கெடு கொடுத்திருந்தார். அதற்குள் வேலை கிடைக்காவிட்டால் முசரவாக்கத்து வரன். மாப்பிள்ளை தங்கமானவராம், ஆனால் வேலைக்கு மட்டும் அனுப்ப மாட்டாராம். விண்ணப்பம் போட்ட கம்பெனிகளில் சென்னையில் ஒன்றே ஒன்றுதான் பதில் அனுப்பியது. நீங்களே செய்த சைட் ஒன்றின் முகவரியை அனுப்புங்கள், அடுத்த வெள்ளிக்கிழமை பார்க்கிறோம் என்றார்கள். காட்ட என்னிடம் ஒன்றுமே இல்லை. கோயில் பக்கத்துத் தெருவில் ஒரு பட்டுக்கடை முதலாளியைப் பிடித்து, உங்கள் கடைக்கு நான் செய்து தருகிறேன் என்று கெஞ்சிக் கூத்தாடிச் சம்மதிக்க வைத்தேன்.

அவர் கேட்டதையெல்லாம் போட்டேன். முதல் பக்கம் முழுக்கப் பெருமாள் படம், இரண்டு பக்கமும் அசைந்து எரிகிற குத்துவிளக்கு, பின்னால் நாதஸ்வரம், கீழே 'உள்ளே வருக' என்று ஒரு பட்டன். என் மேதாவித்தனத்துக்கு அரக்குச் சிவப்புப் பின்னணியில் மஞ்சள் எழுத்து, மவுஸ் போகிற இடமெல்லாம் உதிர்கிற நட்சத்திரம். சேலைகள் நாலாவது பக்கத்தில் இருந்தன. கடை போன் நம்பர் கடைசிப் பக்கத்தின் அடியில். ஃபிளாப்பியில் போட்டுக் காட்டியதும் முதலாளி கன்னத்தில் போட்டுக்கொண்டார். நானும் தலைகால் புரியாமல் திரிந்தேன்.

செவ்வாய்க்கிழமை அதை இணையத்தில் ஏற்றிவிட்டு, பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து திறந்து பார்த்தேன். டெலிபோன் லைனில் படம் கோடு கோடாக இறங்கியது. பெருமாளின் கிரீடம் வந்தது. நெற்றி வந்தது. நான் காலை ஆட்டினேன், நகத்தைக் கடித்தேன், எழுந்து நின்றேன். மார்பு வருவதற்குள் என் கையே மூடுகிற பட்டனுக்குப் போய்விட்டது. செய்த எனக்கே உட்கார முடியவில்லை, வெள்ளிக்கிழமை பார்க்கப்போகிற அந்த மனுஷர் எதற்கு உட்காருவார்?

மறுநாள் கடைக்கு ஓடினேன். முதலாளி சாப்பிடப் போயிருந்தார். இருப்புக்கொள்ளாமல் ஓரமாக நின்றபோது, கல்யாணத்துக்குச் சேலை எடுக்க ஒரு குடும்பம் உள்ளே வந்தது. அவர்கள் பாயில் உட்காரும் முன்பே சேலை எடுத்துப் போடுகிற கடை ஆள் முகூர்த்தத்துக்கா, ரிசப்ஷனுக்கா என்று கேட்டுவிட்டார். அடுத்த நொடி ஒரு முந்தி அவர்கள் மடியருகே விரிந்து விழுந்தது. சேலையின் அழகெல்லாம் முந்தியில்தான், அதனால் அதைத்தான் முதலில் விரிப்பார்கள். தரையில் விரித்திருந்தது வெறும் வெள்ளைத் துணி, எந்த நிறத்தை வைத்தாலும் அதன் மேல் தூக்கிக் காட்டியது. நான் பிறந்ததிலிருந்து பார்க்கிற காட்சிதான். அன்றைக்குத்தான் என் மரமண்டையில் ஏறியது.

முதலாளி வந்ததும் விளக்கு, நாதஸ்வரம் எல்லாவற்றையும் எடுத்துவிடுகிறேன் என்றேன். அவர் முகம் சுண்டிவிட்டது.

"இன்னாமா பேசற? சாமிய எடுத்துட்டா கட உருப்படுமா?"

எனக்கும் சுருக்கென்று கோபம் வந்தது. "உங்க கடையில சாமி எங்க சார் இருக்குறாரு? கல்லாவுக்கு மேல இருக்குறாரு. வாசல மறிச்சிக்கினு நிக்கலயே."

அவர் திரும்பிக் கல்லாவுக்கு மேலே மாலை போட்டிருந்த படத்தைப் பார்த்தார். பிறகு, சின்னதாகவாவது மேலே ஒரு ஓரத்தில் வைத்துவிடு என்று இறங்கி வந்தார்.

வியாழக்கிழமை முழுக்கப் பிரவுசிங் சென்டரில் கிடந்தேன். வெள்ளைப் பின்னணி, கறுப்பு எழுத்து. இடது மூலையில் குட்டிப் பெருமாள், பக்கத்தில் போன் நம்பர். முகூர்த்தம், ரிசப்ஷன், தினசரி என்று மூன்றே பட்டன். முதல் பக்கத்திலேயே ஆறு முந்திகள், சீக்கிரம் இறங்கும்படி ஒவ்வொரு படத்தையும் சிறிதாக்கினேன். நட்சத்திரத்தை அழிக்கும்போது மட்டும் மனசு கேட்கவில்லை. மூன்று நாள் உழைப்பு அது.

வெள்ளிக்கிழமை காலையிலிருந்து கடை போனுக்கு எதிரிலேயே நின்றேன். எங்கள் வீட்டில் போன் இல்லாததால் கம்பெனிக்கும் அந்த நம்பரைத்தான் கொடுத்திருந்தேன். மணி அடிக்கும்போதெல்லாம் முதலாளியை முந்திக்கொண்டு என் கை போனது. நாலு மணிக்குக் கம்பெனிக்காரர் லைனில் வந்தார். குரலில் உற்சாகமே இல்லை. சைட்டைப் பார்த்தேன், வெள்ளைப் பக்கம், ஆறு படம், மூன்று பட்டன், இதில் நீங்கள் என்னதான் செய்திருக்கிறீர்கள் என்று கேட்டார். ஒரு அனிமேஷன்கூட இல்லையே என்றார்.

முசரவாக்கம் கண்ணெதிரே வந்து நின்றது. எப்படியும் வேலை கிடைக்கப்போவதில்லை என்கிற தைரியத்தில், நீங்கள் அதில் என்ன பார்த்தீர்கள் சார் என்று கேட்டுவிட்டேன்.

"சேலதான். ரெண்டாவது வரிசையில மொத சேல, மாம்பழ மஞ்சள்." கொஞ்சம் தயங்கினார். "அது இன்னும் இருக்காம்மா? தங்கச்சி கல்யாணம் வருது."

"அதான் சார் நான் பண்ணது."

அவர் சிரித்துவிட்டார். திங்கட்கிழமை ஒன்பது மணிக்கு வந்து சேரச் சொன்னார், அந்தச் சேலையை எடுத்து வைக்கவும் சொன்னார்.

சாயங்காலம் அப்பாவிடம் சொன்னேன். டூட்டி பையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். மாப்பிள்ளை வீட்டுப் பேச்சையே எடுக்கவில்லை.

"திங்கக்கெழமன்னா கூட்டம் நெரியும்மா. அஞ்சர வண்டியில ஜன்னலோரமா துண்டு போட்டு வெக்கிறேன்" என்றார்.