ஸ்டெல்லா சிஸ்டர் இறக்கி வைத்த மணல் கேன்கள்

பட்டாசு கம்பெனிக்குள் போனைக் கொண்டுபோக விடமாட்டார்கள். வாசலில் கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டும். ஸ்டெல்லா சிஸ்டர் இறந்தது காலை பத்து மணிக்கு. எனக்குத் தெரிந்தது சாயங்காலம் ஐந்து மணிக்கு, வாசலில் போனை வாங்கிப் பார்த்தபோது. அதுவரைக்கும் பக்கத்தில் இருந்தவளோடு பேசிச் சிரித்தபடி சரம் பின்னிக்கொண்டிருந்தேன்.

ஆமத்தூரில் நர்ஸாக இருந்த சிஸ்டரிடம் ஊசி போடாத வீடு இருக்காது. அவர் ஏன் அப்படி மெலிந்துபோனார் என்று இங்கே வந்திருக்கும் உங்களில் பலர் என்னிடம் கேட்டீர்கள். வியாதி இல்லை. வேண்டுமென்றே சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டார்.

அவர் மகள் ஜெனிக்கு முப்பத்தாறு வயது. மனசு நாலு வயசுப் பிள்ளைக்கு உள்ளது. குளிப்பாட்டி, ஊட்டி, தூக்கி உட்காரவைக்க வேண்டும். கணவரும் போன பிறகு சிஸ்டருக்கு ஒரே பயம்தான். "ஜெனியை அனுப்பி வச்சிட்டுத்தான் முத்து நான் போகணும்" என்பார். குறைத்துச் சாப்பிட்டால் ஆயுசு கூடும் என்று எங்கோ படித்திருந்தார். ரிட்டயர் ஆனதிலிருந்து கலோரி பார்த்துத்தான் சாப்பாடு. மதியம் ஒரு கைப்பிடிச் சோறு, கீரை, ஒரு முட்டை. ராத்திரிக்கு வெறும் மோர்.

அவரோடு வேலை பார்த்த டாக்டர் அம்மா அவரைப் பார்த்துவிட்டுச் சத்தம் போட்டிருக்கிறார். இவ்வளவு குறைவாகச் சாப்பிடுகிறவர்கள் வேகமாக நடந்தால் சதைதான் கரையும், ஒரு நாள் விட்டு ஒரு நாள் கொஞ்சம் எடை தூக்கினால் சதையும் எலும்பும் நிற்கும், பயறும் முட்டையும் கூட்டிக்கொள்ளுங்கள் என்றாராம். சிஸ்டர் உடனே இரண்டு ஐந்து லிட்டர் எண்ணெய்க் கேன்களில் பாதிக்குப் பாதி மணலை நிரப்பி, காலையில் வாசலில் நின்று தூக்கி இறக்க ஆரம்பித்தார்.

நாங்கள் நாலு பேர் கம்பெனி வேனைப் பிடிக்க அந்த வழியாகத்தான் போவோம். சரம் பின்னுவதோடு பெட்டி தூக்குவதும் எங்களுக்குப் பிழைப்பு. வேலையில்லாமல் ஒருத்தர் மணலைத் தூக்கி அதே இடத்தில் வைப்பதைப் பார்த்ததும் எனக்கு அடக்க முடியவில்லை.

"என்ன சிஸ்டர், லோடு ஏத்துறீகளா? எங்க கம்பெனிக்கு வாங்க, சம்பளமும் தருவாக" என்றேன்.

"தீபாவளி சீசனுக்கு ஆள் பத்தல சிஸ்டர்" என்றாள் இன்னொருத்தி.

சிஸ்டரும் சிரித்தார். மறுநாள் கேன்கள் சுவர் ஓரமாக இருந்தன, அவர் இல்லை. நானே உள்ளே போய், "அதெல்லாம் எதுக்கு சிஸ்டர், எங்கூட நடந்து வாங்க, போதும்" என்று கூப்பிட்டேன். டாக்டர் சொன்னதை அவர் அப்போது என்னிடம் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

அன்றிலிருந்து வேன் நிற்கும் இடம் வரை தினமும் என்னோடு வந்தார். வெறும் கடுங்காப்பி குடித்த வயிற்றோடு. வேன் காத்திருக்காது என்பதால் என் நடை ஓட்டமாகத்தான் இருக்கும். அவரும் மூச்சு வாங்க ஈடுகொடுத்தார். நர்ஸ் அம்மாவையே நடக்க வைத்துவிட்டேன் என்று எனக்குப் பெருமை.

ஒரு நாள் பாலத்துச் சுவரில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். கண் இருட்டுகிறது என்றார். முந்தியில் முடிந்திருந்த கடலை மிட்டாயைக் கொடுத்தேன். பாதியைக் கடித்துவிட்டு மீதியைத் திருப்பிக் கொடுத்தார்.

"முழுசாத் தின்னுங்க சிஸ்டர்."

"போதும் முத்து. இதுக்கே மத்தியானம் சோத்தைக் குறைக்கணும்."

அதற்குள் வேன் ஹாரன் அடித்தது. அவரை அங்கனயே விட்டுவிட்டு ஓடினேன்.

போன மாதம் ஜெனியைக் குளிக்கும் முக்காலியிலிருந்து தூக்கும்போது கை தாங்காமல் அவளோடு சேர்ந்து விழுந்தார். ஜெனிக்கு ஒன்றுமில்லை. சிஸ்டருக்கு இடுப்பெலும்பு முறிந்தது. உடம்பில் சதையே இல்லை, எலும்பு வற்றிப்போயிருக்கிறது என்றார்கள். ஆபரேஷனுக்குப் பிறகு நெஞ்சில் சளி கட்டி, எழுந்திரிக்கவே இல்லை.

அந்த டாக்டர் அம்மா சொன்னது முழுவதையும் சிஸ்டர் ஆஸ்பத்திரியில் வைத்துத்தான் என்னிடம் சொன்னார். நான் அழுதேன். "நான் சிரிக்காம இருந்திருந்தா நீங்க தூக்கியிருப்பீக" என்றேன்.

"சிரிப்பு வந்தா சிரிக்காம என்ன செய்வ? நர்சா இத்தனை வருஷம் அடுத்தவுகளுக்கு வெக்கப்படாதீகன்னு சொன்னேன். நான் வெக்கப்பட்டேன் பாரு" என்றார். பிறகு, "ஜெனி சாப்பிட்டாளா?" என்று கேட்டார்.

அவர் அப்படிச் சொன்னதால் என் தப்பு இல்லையென்று ஆகிவிடாது. தெரியாத விஷயத்தில் சிரித்தேன், தெரியாத விஷயத்தில் யோசனையும் சொன்னேன்.

ஜெனி இப்போது விருதுநகரில் தாய்மாமன் வீட்டில் இருக்கிறாள். நல்லபடியாகத்தான் பார்க்கிறார்கள். ஆனாலும் வாரம் ஒரு நாள், ஞாயிற்றுக்கிழமை, அவளை நான் குளிப்பாட்டுகிறேன். சிஸ்டர் எனக்கென்று எதையும் விட்டுப் போகவில்லை. நானாக எடுத்துக்கொண்டது அந்த ஒரு நாள்தான். தலை துவட்டும்போது, "அம்மா எப்ப வரும்?" என்று கேட்பாள். "இன்னைக்கு முத்து வந்திருக்கேன்" என்பேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, தலையை என் பக்கம் சாய்ப்பாள்.